யானைக்கு ஒரு கட்டம்

மாநாடு எதுவாக இருந்தாலும் சரி, மைக் கையில் கிடைத்தவர் அதை லேசில் விடுவதில்லை. அதற்காகவே மேடையில் துண்டுச் சீட்டு வைக்க ஓர் ஆளைப் போடுகிறார்கள். பேசுகிறவர் முன்னால் முதலில் 'இரண்டு நிமிடம்' என்று ஒரு சீட்டு, அப்புறம் 'முடிக்கவும்' என்று ஒரு சீட்டு. தேனியில் நடந்த பள்ளி நூலகர்கள் மாநாட்டில் அந்த வேலை ஜெபராணிக்கு வந்தது. சின்னமனூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் பதினோரு வருடமாக நூலகர் அவள். அதிகம் பேசமாட்டாள், கடிகாரம் பார்ப்பாள், சொன்னதைச் செய்வாள் என்று அவளுடைய பள்ளிச் செயலர் சண்முகராஜ்தான் பெயரைக் கொடுத்தார். போடி பஜாரில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர், மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவரும் அவரே.

அதே சண்முகராஜ் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நூலக இருப்புப் பதிவேட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும். அதில் கட்டம் இரண்டுதான்: 'இருப்பு', 'காணவில்லை'. இந்த வருடச் சரிபார்ப்பில் நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் 'காணவில்லை' கட்டத்துக்குப் போயிருந்தன.

காணாமல் போனவை எங்கே இருக்கின்றன என்பது ஜெபராணிக்கு நன்றாகத் தெரியும். மேகமலை எஸ்டேட் பிள்ளைகள் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு புத்தகம் கேட்பார்கள், அவளும் கொடுப்பாள். மலையேறிய புத்தகம் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு லைன் வீட்டிலிருந்து அடுத்த லைன் வீட்டுக்குப் போகும். சிலது திரும்பி வரும், சிலதுக்கு மலைக்காற்று பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிடும். இதைச் சொன்னபோது சண்முகராஜ் காதில் ஏறவே இல்லை.

"இனிமே ஒரு புத்தகம் பீரோவ விட்டு வெளிய போகக் கூடாது, ஜெபராணி. படிக்கிறவக இங்கன உக்காந்து படிக்கட்டும். மத்தியானம் சாப்பிட்டதும் பதிவேட்டுல அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுருவோம். சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்று காலையில் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

சரி சார் என்று சொல்லிவிட்டு மேடை ஏறினாள். பூட்டிய பீரோவுக்குக் காவல் இருக்க ஒரு நூலகர் எதற்கு, ஒரு பூட்டு போதுமே என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே சீட்டுகளை அடுக்கினாள்.

முதல் விருந்தினர் மதுரை எழுத்தாளர் ஈஸ்வரபாண்டி. பத்து நிமிடம் என்று கொடுத்ததற்கு நாற்பது நிமிடம் பேசினார். ஜெபராணி வைத்த இரண்டு சீட்டுகளையும் பார்த்தார், மடித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். ஒரு வழியாகப் பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தார்கள்.

அடுத்தது மொக்கம்மாள். மேகமலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், வயது நாற்பது இருக்கும். அவள் மகள் ஜெபராணியின் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். எங்கம்மா கதை சொன்னால் லைனே கூடிவிடும் என்று அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டு ஜெபராணிதான் பெயரைச் சொன்னாள். குழுவும் அழைப்பிதழில் 'மலைமக்களின் பழங்கதைகள்' என்று அச்சடித்துவிட்டது. என்ன கதை சொல்லப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மலையிலிருந்து ஒருத்தி வந்தால் பழங்கதைதான் சொல்லுவாள் என்று முடிவு கட்டிய புத்திசாலிகளில் ஜெபராணியும் ஒருத்தி.

மொக்கம்மாள் மஞ்சப்பையை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"மலை அடிவாரத்துல ஒரு செக்போஸ்ட்டு. அங்கன ஒரு காவக்காரரு. போற வார வண்டிய எல்லாம் நோட்டுல எழுதணும். லாரிக்கு ஒரு கட்டம், ஜீப்புக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு ஒரு கட்டம். ஒருநாள் பொழுது சாயுற நேரத்துல ஒரு யானை வந்து வண்டியோட வண்டியா வரிசையில நிக்குது. காவக்காரரு நோட்டப் புரட்டுறாரு, புரட்டுறாரு. யானைக்குக் கட்டம் இல்ல."

ஹால் சிரித்தது. ஜெபராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது ஈஸ்வரபாண்டியின் கதை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இருக்கிறது. அந்தப் புத்தகமும் 'காணவில்லை' கட்டத்தில்தான் இருக்கிறது. எழுதியவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்க, அவர் கதையை அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள் மொக்கம்மாள். தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போன அவர் கை அப்படியே நின்றிருந்தது.

முன்வரிசையில் ஒரு தமிழாசிரியர் அது யார் கதை என்று சண்முகராஜின் காதில் ஓதினார். சண்முகராஜின் முகம் கறுத்தது. அவருக்கு அடுத்த நாற்காலியில் கல்வி அதிகாரி. சண்முகராஜ் ஜெபராணியைப் பார்த்து விரலை ஆட்டினார். சீட்டை வை என்று அர்த்தம்.

பதினோரு வருடம் சொன்னதைச் செய்த கை அன்றைக்கும் செய்துவிட்டது. 'முடிக்கவும்' சீட்டை மொக்கம்மாள் முன்னால் வைத்தாள். வைத்த மறுகணமே தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மொக்கம்மாள் சீட்டை எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். "டீச்சர் ஏதோ சீட்டு வச்சிருக்காக. எனக்கு எழுத்துத் தெரியாது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அதை ஈஸ்வரபாண்டியிடம் நீட்டினாள். "ஐயா, என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டினார். அதே மாதிரிச் சீட்டை ஏற்கெனவே சட்டைப் பையில் வைத்திருக்கும் மனிதருக்கு, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நிதானமாகப் பார்த்தார்.

"'தொடர்ந்து சொல்லவும்'னு எழுதியிருக்காக, ஆத்தா" என்றார்.

ஜெபராணிக்கு அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போலிருந்தது. மீதிச் சீட்டுகளைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மொக்கம்மாள் தொடர்ந்தாள். காவல்காரர் நோட்டின் ஓரத்தில் 'யானை ஒன்று' என்று எழுதுகிறார். மேலதிகாரி வருகிறார். பொய் எழுதினாயா, யானையைக் காட்டு, இல்லாவிட்டால் வேலை போச்சு என்கிறார். அன்றைக்குப் பார்த்து யானையைக் காணோம்.

"பொழுது சாஞ்சுச்சு. லைன்ல இருக்கிற பொம்பளைக நாப்பது பேரும் கொழுந்துக் கூடையோட வந்து செக்போஸ்ட்டு முன்னால வரிசையா நின்னாக. மொதல்ல நின்னவ சொன்னா, எழுதுங்கய்யா, யானை ஒண்ணு. அடுத்தவ சொன்னா, யானை ரெண்டு. அதிகாரி திட்டுறாரு, ஒருத்தியும் நகரல. யானை முப்பத்தொம்பது, யானை நாப்பது. அம்புட்டுத்தானான்னு அதிகாரி கேக்குறாரு. வரிசையோட கடைசியில பெருசா ஒரு மூச்சு விடுற சத்தம் கேக்குது. நிமுந்து பாக்குறாரு. நாப்பத்தொண்ணாவதா அது நிக்குது. அப்புறம் அந்த அதிகாரியே பேனாவ எடுத்து நோட்டுல கட்டம் போட்டாரு."

ஹாலில் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மொக்கம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லிர்றேன். கதை எங்களுது இல்ல. எம் மக கொண்டாந்த புத்தகம், அது வாசிக்க நான் கேட்டது. அட்டை போயிருச்சு, கடைசித் தாளுக மழையில போயிருச்சு. எழுதின மகராசன் யாருன்னு தெரியாது. அதனால முடிவ எங்க லைனே கூடி உக்காந்து வச்சுக்கிருச்சு. தப்புன்னா அவுக பொறுத்துக்கிரணும்."

ஈஸ்வரபாண்டி எழுந்தார்.

"அது நான்தான், தாயி. நான் வச்ச முடிவுல அந்தக் காவக்காரருக்கு வேலை போயிரும். அதுக்கு மேல எனக்கு யோசிக்கத் தெரியல. நாப்பது பேரு வருவாகன்னு எனக்குத் தோணவே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புத்தகம் எந்த நூலகத்துது?"

மொக்கம்மாள் மஞ்சப்பைக்குள்ளிருந்து பாலித்தீன் தாளில் சுற்றிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நூலகர்கள். முதல் பக்கம் கிழிந்தாலும் புத்தகம் யாருடையது என்று தெரிய, உள்ளே ஒரு பக்கத்தை ரகசியமாகக் குறித்து வைத்து அதிலும் முத்திரை குத்துவது அவர்கள் வழக்கம். ரகசியப் பக்கம், ரகசியப் பக்கம் என்று ஹால் முழுக்கக் குரல் எழுந்தது.

ஜெபராணி மைக்குக்குப் போனாள். பள்ளியின் ரகசியத்தை முந்நூறு பேருக்கு முன்னால் உடைத்தாள்.

"இருபத்தேழாம் பக்கம் பாருங்க, சார்."

வட்ட முத்திரை பளிச்சென்று இருந்தது. ஈஸ்வரபாண்டி பள்ளியின் பெயரை உரக்க வாசித்தார். கல்வி அதிகாரி, சண்முகராஜ் பக்கம் திரும்பி, எழுந்து நின்று கைதட்டினார். அப்புறம் ஹாலே எழுந்தது. சண்முகராஜ் எப்போது மேடையேறினார் என்று யாரும் பார்க்கவில்லை. மைக் அவர் கையில் இருந்தது.

"எங்க ஸ்கூல் புத்தகந்தான். மத்தவக மாதிரி பீரோவுல பூட்டி வைக்கிற ஆளுக நாங்க இல்ல. மலை வரைக்கும் அனுப்புறோம், இன்னமும் அனுப்புவோம்" என்றார்.

ஜெபராணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். முந்நூறு சாட்சி.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் பதிவேட்டை விரித்து, ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள். தலைப்பில் 'மேகமலையில் உள்ளது' என்று எழுதினாள். நூற்றுப் பன்னிரண்டு எண்களையும் அதற்கு மாற்றிவிட்டுச் சண்முகராஜிடம் கொண்டுபோனாள். அதிகாரி அவர் பக்கத்தில் நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். சண்முகராஜ் பதிவேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். சாவியைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் நினைவூட்டவில்லை.

மொக்கம்மாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஈஸ்வரபாண்டி அதை எனக்குத் தாங்களேன் என்று கேட்டார். "வரிசையில ஏழு வீட்டுக்காரக காத்திருக்காக சார்" என்று சொல்லிவிட்டு ஜெபராணி அதை மொக்கம்மாளிடமே நீட்டினாள்.

மொக்கம்மாளின் கண் பதிவேட்டில் இருந்தது. எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, புது மை தெரியும்.

"இது என்ன டீச்சர், புதுசா கட்டம் போட்டிருக்கீக?"

"யானைக்கு" என்றாள் ஜெபராணி.