பதினேழாம் புள்ளி

மலையின் மேல் நாற்பத்தொரு இடங்களில் கம்பி புதைத்து, மண்ணுக்குள் தானாக ஓடும் மெல்லிய மின்சாரத்தை அளந்து வந்திருந்தார்கள். அதை வைத்து மலையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. நாற்பது புள்ளிகள் நல்ல பிள்ளைகளாக ஒத்துப்போயின. பதினேழு மட்டும் அடம் பிடித்தது. மின்சாரம் தலைகீழாக ஓடுகிறது என்றது. இந்தத் தொழிலில் அப்படி வந்தால் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கம்பி முனைகளை மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று எழுதி, புள்ளியை அழித்துவிடுவார்கள். அவளும் அழித்தாள். பாறை அடுக்கடுக்காக, உறுதியாக இருக்கிறது, சுரங்கப்பாதை போகலாம் என்று அறிக்கை கொடுத்தாள். அந்தச் சுரங்கத்தில் துளை போடும் இயந்திரத்தை ஓட்டுவது அவள் கணவன்.

கம்பி புதைத்தது கணவனின் தம்பி. அறிக்கையைப் படித்ததிலிருந்து அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். நான்காம் நாள் காலை சேற்றுச் செருப்போடு அவள் அறைக்குள் வந்து, மேசையில் பென்டிரைவை வைத்தான்.

"அண்ணி, லீவு போட்டு ரெண்டு தடவ திரும்பவும் அளந்துட்டேன். சிவப்பு சிவப்புலதான் இருக்கு, கறுப்பு கறுப்புலதான் இருக்கு. பதினஞ்சு வருஷமா கம்பி கட்டுறவனுக்கு இது கூடத் தெரியாதா?"

"சரி சரி, பாக்கறேன். முதல்ல செருப்பக் கழட்டு."

அவனைச் சமாதானப்படுத்தத்தான் திறந்தாள். மூன்று அளவுகளும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. அந்த மின்சாரத்தில் வேகமாகத் துடிக்கும் அலைகள் மேல்பாறையைப் பற்றிச் சொல்லும், மெதுவானவை ஆழத்தைப் பற்றி. திரையில் இருந்த வரைகோட்டை முதலிலிருந்து நிதானமாகப் படித்தாள். மேலே மின்சாரம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆழத்தில் மட்டுமே திரும்பியது. கம்பி மாறியிருந்தால் மேலேயும் அல்லவா தலைகீழாக இருக்க வேண்டும்? இதைக் கூடப் பார்க்காமல் அழித்திருக்கிறாள்.

"தப்பு உன் மேல இல்ல தம்பி. கரண்ட் நெஜமாவே திரும்புது. அதத் திருப்புற மாதிரி உள்ள என்னவோ இருக்கு."

போனை எடுத்தாள். "என்னங்க, மிஷின நிறுத்துங்க. என் அறிக்கை தப்பு."

கணவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரைச்சல் நின்றதுதான் கேட்டது.

பதினேழையும் சேர்த்து, இந்த முறை மலையை எல்லாப் பக்கமும் பார்த்துக் கணக்கிடக் கணினியை ஓட விட்டாள். சாயங்காலம் படம் வந்தது. அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு, நீர் நிறைந்த ஒரு பெரும் பிளவு, மடக்கிய கை போல வளைந்து கிடந்தது. மின்சாரம் பாறையை விட்டு அந்த நீருக்குள் இறங்கி, வளைவோடு வளைந்து, வந்த திசைக்கே திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை லட்சம் வருஷமாகவோ! அப்பாடி, எவ்வளவு பெரியது! அதன் முழங்கை, சுரங்கத்துக்கு நேர் எதிரே, பன்னிரண்டு மீட்டரில் இருந்தது.

மறுநாள் ஆட்களை ஒதுக்கி நிறுத்தி, மணிக்கட்டுப் பருமனில் சோதனைத் துளை போட்டார்கள். பதினோராவது மீட்டரில் தண்ணீர் பீறிட்டு, முப்பது அடி தள்ளிப் போய் விழுந்தது. மலையே பேசுவது போல் இருந்தது அவளுக்கு. கை தானாகக் குவிந்தது.

நனைந்த சட்டையோடு கணவன் பக்கத்தில் வந்து நின்றான். "இன்னும் மூணு நாள்ல நான் அங்க நின்னிருப்பேன்" என்றான்.

அவள் அவன் ஈரக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றான் கொழுந்தன், "அறிக்கையில என்னைப் பத்தி எழுதினீங்களே, அத அழிச்சாச்சா?"

"அழிக்கல. இனிமே எதையும் அழிக்க மாட்டேன். குறுக்க ஒரு கோடு அடிச்சுட்டு, தப்பு என்னோடதுன்னு பக்கத்துலயே எழுதிட்டேன்."