ரெய்னோ வாங்கிய மலிவுத் துப்பாக்கி

மே மாதத்து முதல் வியாழக்கிழமை, துப்பாக்கி சுடும் மைதானத்தில் பதினான்காவது தோட்டாவைச் சுட்டுவிட்டு, அடுத்ததை ஏற்றுவதற்காக ரெய்னோ லாட்டி துப்பாக்கியின் போல்ட்டைப் பிடித்தான். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இரும்புக் கொண்டையைத் தூக்கிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக அவன் யோசிக்காமல் செய்த வேலை. இப்போது கட்டைவிரல் வழுக்கி வழுக்கி விழுந்தது.

அவன் மனைவி வெர்னா வழக்கம்போல் காருக்குள் உட்கார்ந்து கையுறை பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். மேடையில் இருந்த மற்றவர்கள் பார்க்காதது போலச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த டெல் ட்ரூடோ மட்டும் எழுந்து வந்தான். ரெய்னோவும் அவனும் காகித ஆலையில் ஒரே இயந்திரத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர்கள்.

"என்னடா, போல்ட்டு எண்ணெய் கேக்குதா?"

"எண்ணெய் எனக்குத்தான்டா வேணும். எங்க ஊத்துறதுன்னுதான் தெரியல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டெல் அவனுக்காகப் போல்ட்டை இழுத்துவிடக் கை நீட்டினான். ரெய்னோ தலையை ஆட்டி மறுத்துவிட்டு, துப்பாக்கியை உறையில் போட்டான்.

முந்தின இலையுதிர் காலத்தில்தான் நகரத்து மருத்துவமனையில் அந்த நோயின் பெயரைச் சொன்னார்கள். நரம்பு ஒவ்வொன்றாகத் தசையைக் கைவிட்டுவிடும். முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. ரெய்னோவுக்கு ஐம்பத்து நான்கு வயது. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "கண்ணு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். கண் போகாது என்றாள் டாக்டர். "அது போதும்" என்று எழுந்துவிட்டான்.

அந்த மே மாத வியாழனன்று மைதானத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், பாதித் தூரம் வந்த பிறகு வாயைத் திறந்தான்.

"ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாங்கணும், வெர்னா."

அவள் காரை ஏறக்குறைய நிறுத்தியேவிட்டாள். ஒரு குண்டு போனதும் தானே அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளைப் பற்றி இந்த மனுஷன் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. 'தோட்டத்துக்குத் தண்ணி பீச்சுற ஹோஸு' என்பான். அதை வைத்திருப்பவன் குறி பார்ப்பதே இல்லை, நம்பிக்கையில் வாழ்கிறவன் என்பான்.

"நீயா கேக்குற?"

"நான்தான். ஆகஸ்ட் போட்டிக்குப் போகணும். ஐம்பது கஜம், நாப்பது தோட்டா. நாப்பது தடவை போல்ட்டு இழுக்க என்னால முடியாது. விரலை மடக்க முடியும். இன்னும் முடியும்."

ஏழு முறை அந்தப் போட்டியில் ஜெயித்தவன் அவன்.

மார்சி கிவெலாவின் கடையில் மண்புழுவும் கிடைக்கும், பனி வாரும் மண்வெட்டியும் கிடைக்கும், துப்பாக்கியும் கிடைக்கும். மார்சி விஷயத்தைக் கேட்டதும் எதையும் விசாரிக்காமல் கண்ணாடி மேசையின் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்தாள். மூன்றும் சின்னத் தோட்டா போடுகிறவை.

"இது இலக்குக்குன்னே செஞ்சது. தடிச்ச குழல், வால்நட் மரக்கட்டை. டிரிக்கர் வெண்ணெய் மாதிரி. விலைதான் ஆளைக் கொல்லும். இது பிளாஸ்டிக் கட்டை, கோழிக்குஞ்சு மாதிரி லேசு, முந்நூறு டாலர்தான். ஆனா டிரிக்கர ஆறு பவுண்டு பலத்துல இழுக்கணும். இந்த மூணாவது பழசு. போன வருஷம் ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான். அதுல தோட்டா சிக்கும், பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்லாம எப்படிக் கடை நடத்துற?" என்றான் ரெய்னோ.

"புழு விக்கிறேன்ல, அதுல சொல்லிக்குவேன்."

வேறொருவனாக இருந்தால் துப்பாக்கியைத் தோளில் வைத்துத்தான் பார்ப்பான். ரெய்னோ அதைச் செய்யவில்லை. ஒவ்வொன்றிலும் முதல் தோட்டாவை ஏற்றும் பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்தான். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி மாட்டினான். ஆபத்தில்லை என்று மார்சி சோதித்துக் காட்டிய பிறகு, சுவரில் தொங்கிய மான் தலையைப் பார்த்து டிரிக்கரை அழுத்தினான். வால்நட் கட்டையை மட்டும் திரும்பத் திரும்பத் தடவினான். அதன் வளைவில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு நிமிர்ந்து, "அந்தப் பிளாஸ்டிக்கைக் குடு" என்றான்.

காரில் ஏறியதும் வெர்னா வெடித்தாள்.

"உனக்குப் பிடிச்சது எதுன்னு நான் பாத்தேன். குருடின்னு நினைச்சியா?"

"அந்தக் குழல் நூறு வருஷம் தாங்கும் வெர்னா. எனக்கு நூறு வருஷம் எதுக்கு?"

"தாங்குறதுக்கா கேட்டேன்? இருக்குற வரைக்கும் நல்லதால சுடேன்!"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். சாலையோரத்தில் அழுக்குப் பனி இன்னும் மிச்சம் இருந்தது.

"வாசல்ல சக்கர நாற்காலிக்குச் சரிவு போடணும். தூக்கி இறக்குற கட்டில் வாங்கணும். அதுக்கப்புறம் நீ இருக்கணும். கணக்கு நான் போட்டுட்டேன், நீ போடாத."

வெர்னா சாவியைத் திருகினாள்.

ஜூன் மாதம் முழுவதும் அந்த மலிவுத் துப்பாக்கியை மனுஷனாக்குவதிலேயே போனது. டெல் தன் பட்டறையில் டிரிக்கரைக் கழற்றி, உள்ளே வேறு சுருள்வில் போட்டு ஆறு பவுண்டை இரண்டாக்கினான். ஆனால் முதல் வியாழனன்று ஐந்து தோட்டாவும் தாளில் ஐந்து மூலைக்குப் போயின.

"இது துப்பாக்கியா? கோழிக்குத் தீனி வீசுற கை" என்றான் ரெய்னோ.

"துப்பாக்கியத் திட்டாதடா, தோட்டாவ மாத்திப் பாரு."

எட்டு வகைத் தோட்டா வாங்கினார்கள். சில மெதுவாகப் போய் நேராக விழுந்தன, ஆனால் அடுத்ததை ஏற்ற அவற்றுக்குப் பலம் போதவில்லை, பாதியில் சிக்கின. சில வேகமாக ஓடி எங்கோ விழுந்தன. மேகசினுக்குள் தோட்டாவை ஒவ்வொன்றாக அழுத்தித் தள்ள ரெய்னோவின் விரலால் ஆகவில்லை. வெர்னா காரை விட்டு இறங்கி வந்து அவன் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு தோட்டா தள்ளித் தள்ளி அவள் கட்டைவிரல் கன்றிப்போனது. தோட்டாப் பெட்டிகளின் நிறம், எது சிக்கியது, எது எங்கே விழுந்தது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"பச்சைப் பெட்டியில மிச்சம் இருக்கு. காத்து இல்லாதப்ப அதைத் திரும்பப் போடு" என்றாள் ஒருநாள்.

பச்சைப் பெட்டித் தோட்டா ஐந்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. தாளை எடுத்துவந்து டெல் அதன்மேல் ஒரு சின்னப் பத்து செண்ட் நாணயத்தை வைத்தான். ஓட்டை முழுக்க மறைந்துவிட்டது. ரெய்னோ நாணயத்தைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான், எல்லோர் முன்னாலும் அவள் வாயில் முத்தமிட்டான். அவர்கள் கல்யாணத்தன்று பாதிரியார் இரண்டு முறை சொல்லியும் கன்னத்தில்தான் கொடுத்தவன் அவன்.

"ஏய், பொண்டாட்டி ஓடிப்போனவனும் இங்க உக்காந்திருக்கேன்டா" என்றான் டெல்.

அன்று வீட்டுக்கு வந்து கறி அடைத்த பேஸ்டி ரொட்டியைச் சூடு பண்ணி இரண்டு பேரும் சமையலறையில் நின்றபடியே தின்றார்கள். வெர்னா அவனுக்குத் துண்டு துண்டாக வெட்டி வைத்தாள். அவன் அதற்குக் கோபப்படவில்லை.

ஜூலையில் இடது கையும் போகத் தொடங்கியது.

ஆகஸ்ட் போட்டியன்று பதினாறு பேர் வந்திருந்தார்கள். துப்பாக்கியை மணல் பைகள் தாங்கின. ரெய்னோ கன்னத்தை வைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரலை மடக்கினால் போதும். வெர்னா மேகசினை மாற்றிக்கொண்டே இருந்தாள். முதல் இருபதில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. டெல் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு அவளிடம் கண்ணடித்தான். இருபத்தைந்துக்குப் பிறகு ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடைவெளி நீண்டது. முப்பத்தொன்று வெடித்தது.

அதன் பிறகு ஒன்றும் வெடிக்கவில்லை.

வெர்னா குனிந்து பார்த்தாள். அவன் விரல் டிரிக்கரின் மேல் சரியாகத்தான் இருந்தது. கண் குறி பார்க்கும் ஸ்கோப்பில் இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"போக மாட்டேங்குது" என்றான் மெல்ல. "குறி நடுவுலதான் நிக்குது வெர்னா. விரல் போக மாட்டேங்குது."

"கொஞ்சம் ஓய்வு எடு. நேரம் இருக்கு."

அவள் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். மறுபடியும் அதேதான். பக்கத்து மேசைகளில் சுடும் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"என் விரலை உன் விரல் மேல வைக்கட்டுமா? நீ சொல்லு, நான் அழுத்துறேன்."

அவன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது. அதை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"வேண்டாம். அது என் தோட்டா இல்ல."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க ரெய்னோ."

"நான் சொல்வேனே."

நேரம் முடிந்தது. மதிப்பெண் எழுதும் டெல், மிச்சம் ஒன்பதை விட்டுவிடலாம், சுட்டதுக்குச் சராசரி போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். ரெய்னோ மட்டும், "தாள்ல இருக்குறத எழுதுடா" என்றான். முந்நூற்று நான்கு என்று எழுதினார்கள். பதினாறு பேரில் பதினாறாவது இடம். பிறகு வேகவைத்த உருளைக்கிழங்கும் சாசேஜும் சாப்பிடும்போது ஒவ்வொருவராக வந்து அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். யாரும் கை குலுக்கவில்லை.

ஏரியை ஒட்டிய சாலையில் வரும்போது வெர்னாவால் அடக்க முடியவில்லை.

"அந்த வால்நட் துப்பாக்கிய வாங்கியிருந்தா... வெண்ணெய் மாதிரின்னு சொன்னாளே..."

"அதுக்கும் இதே விரல்தான் வெரனா" என்றான். நாக்கு தடித்து அவள் பெயர் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் குழறியது. அது அவன் காதிலும் விழுந்தது. சற்று நேரத்தில் அவன் தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. அவள் காரை ஓரம்கட்டித் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றிப் போனது.

பிப்ரவரியில் அவன் போனான். தரை இரும்பாக உறைந்திருந்ததால் மற்றவர்களைப் போல அவனையும் கல்லறைத் தோட்டத்துக் கட்டடத்தில் வைத்திருந்து, மே மாதம் மண் இளகிய பிறகுதான் புதைத்தார்கள். வெர்னாவுக்கு இரண்டு முறை வழியனுப்பியது போல ஆயிற்று.

அந்த வாரத்து வியாழக்கிழமையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கை பழகிய வழியில் காரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டாள். பின்னிருக்கையில் அந்தத் துப்பாக்கி இருந்தது, டெல்லிடம் கொடுத்துவிடலாம் என்று.

"எனக்கு எதுக்கு? நீ உக்காரு" என்றான் டெல். "ஒரு மேகசின் சுட்டுப் பாரு. போன கோடை முழுக்கப் பக்கத்துலயே இருந்து பாத்தவ நீ."

உட்கார்ந்தாள். மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். ஐந்து தோட்டா சுட்டாள். ஐந்தும் ஒன்றாகத்தான் விழுந்தன, ஆனால் நடுவில் இல்லை. கீழே, இடது பக்கம் தள்ளி.

"அடி ஆத்தி, நல்லாத்தான் சுடுற! கூட்டமா விழுந்திருக்கு பாரு. ஸ்கோப்பு அவன் கண்ணுக்கு வச்சது, அவன் தலை வச்ச விதத்துக்கு. குமிழை மேல எட்டு சொடுக்கு, வலது நாலு சொடுக்கு திருப்பிட்டா உனக்கு நடுவுல வந்துடும்." டெல் கையை நீட்டினான்.

"தொடாத" என்றாள் வெர்னா.

அவன் கையை எடுத்துக்கொண்டான். அன்று அவள் மேலும் முப்பது தோட்டா சுட்டாள். எல்லாம் கீழே, இடது பக்கம். அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்த வியாழனும்.

ஜூலை நடுவில் ஒருநாள், தோட்டா ஏற்றுவதற்கு முன்னால் அவளே ஸ்கோப்பின் மூடியைக் கழற்றினாள். குமிழை நகத்தால் பிடித்துத் திருகினாள். ஒவ்வொரு சொடுக்கும் விரலில் தெரிந்தது. எட்டு. பிறகு பக்கவாட்டில் நாலு. முடித்ததும் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு, புதைத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். டெல் தன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் மரங்களைப் பார்த்தபடி நின்றான்.

அடங்கிய பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஐந்து சுட்டாள். டெல் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "நடுவுல, வெர்னா. அஞ்சும் நடுவுல" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.