பென்டில் ஹில்லுக்கு வந்த கல்லூரி

பசிபிக் கடலில் இருக்கும் தலோவாத் தீவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, கொரோனா அடங்கியபின் வந்த மார்ச் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிய சிட்னியின் பென்டில் ஹில் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த வெறும் நிலத்தில் வந்து நின்றது. நீளமான கட்டடம், தகரக் கூரை, முன்னால் ஏழெட்டுத் தென்னைகள், சுற்றிவர ஒரு தெரு அகலத்துக்குக் கடல். காலை ரயிலுக்கு நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னதும் திரும்பிக்கொண்டார்கள். மத்தியானம் அதிகாரிகள் இருவர் வந்து, கட்டடத்துக்கு வாகனத் தரிப்பிடம் போதாது என்று ஒரு அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். கடலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கல்லூரியை முதலில் கட்டியது ஒரு திருச்சபை. பிறகு உதவி செய்ய வந்த ஒவ்வொரு நாடும் அதற்குப் புதுப் பெயரும் புது வர்ணமும் கொடுத்தது. சுவரைச் சுரண்டினால் எந்த நாடு எப்போது நல்ல மனநிலையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் மெல்பேர்னிலிருந்து நிபுணர்கள் வந்து, கல்லூரிக்கு என்ன தேவை என்று கேட்டார்கள். கணித விரிவுரையாளர் ஒருவர் தேவை என்று கல்லூரி அதிபர் செலினா ஆண்டுதோறும் சொன்னார். அவர்கள் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, குழுவாக இணைந்து செயற்படுவது எப்படி என்று ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். மின்சாரமில்லாத வகுப்பறைகளுக்குப் புரொஜெக்டர்கள் வந்திறங்கின. அவை வந்த பெட்டிகளில் கோழிகள் முட்டையிட்டன. பட்டம் பெற்ற ஆசிரியர்களை அவுஸ்திரேலியா அன்போடு வரவேற்றது; ஒருவரையும் பள்ளிக்கூடத்துக்குள் விடவில்லை. முதியோர் இல்லங்களில் படுக்கை விரிக்கவும் பண்ணைகளில் பழம் பறிக்கவும் அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்று அது கண்டுகொண்டது.

கணித விரிவுரையாளர் கடைசியில் படகில் வந்தார். கிளிநொச்சியில் கணிதம் படிப்பித்த அருந்தவன், மனைவி தாட்சாயினியையும் ஐந்து வயது மகள் பார்கவியையும் விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்கு என்று புறப்பட்டவர். நடுக்கடலில் பிடிபட்டு, தலோவாவில் கல்லூரியை ஒட்டி அவுஸ்திரேலியா கட்டிய முகாமில் அடைக்கப்பட்டார். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வகுப்பறை ஜன்னல். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று உள்ளே ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே விளக்கினார். மறுநாள் செலினா கரும்பலகையை வேலிப் பக்கமாகத் திருப்பி வைத்தார். நான்கு ஆண்டுகள் தலோவாவின் ஆசிரியர்கள் கம்பிகளுக்கூடாகக் கணிதம் படித்தார்கள்.

பிறகு அருந்தவனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. விமானத்தில் சிட்னிக்குக் கொண்டுவந்து கல்லை எடுத்தார்கள். அவரை என்ன செய்வது என்று முடிவெடுக்கவில்லை. தவணை தவணையாக நீளும் விசா ஒன்று கிடைத்தது. படகில் வந்தவர் இந்த மண்ணில் நின்றுகொண்டு நிரந்தர விசா கேட்க முடியாது, வெளியே போனால் திரும்பி வரவும் முடியாது என்பது சட்டம். பென்டில் ஹில்லில் அறைகள் வாடகைக்கு விடும் கனகேஸ்வரி அன்ரி வீட்டில் ஒரு அறை, ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. சட்டத்துக்குப் பயந்து அவர் சிவப்பு விளக்கில் வெறும் தெருவைக்கூடக் கடக்கமாட்டார். பார்கவி ‘எப்ப வாறீங்கள் அப்பா’ என்று போனில் கேட்பதை எந்த ஆண்டு நிறுத்தினாள் என்று அவருக்குத் தெரியாது. நிறுத்திவிட்டாள் என்பது உறைத்த நாளில் அவர் வேலைக்குப் போகவில்லை.

மாணவர்களும் போய், விரிவுரையாளரும் போய், கடலும் கரும்பலகை வரை ஏறியபின் கல்லூரிக்குத் தீவில் அலுவல் இருக்கவில்லை. தன் ஆட்கள் இருக்கும் இடத்துக்கு அது வந்துவிட்டது. செலினாவும் உள்ளே இருந்தபடியே கூட வந்திருந்தார். முதியோர் இல்லங்களில் வேலை முடித்த பழைய மாணவர்கள் சீருடையோடே வந்து பழைய வாங்குகளில் உட்கார்ந்தார்கள். தலைநகர் கன்பராவிலிருந்து வந்த அதிகாரிகள் ஆராய்ந்து, கட்டடமும் அதன் கடலும் தலோவாவின் மண் என்று அறிவித்தார்கள். நீரின் ஓரமாக மஞ்சள் கோடு ஒன்று போட்டு, ஒரு அதிகாரியையும் கணினியோடு உட்கார்த்திவிட்டார்கள்.

அதனால் அருந்தவனுக்கு அந்தக் கோட்டைத் தாண்டுவது நாட்டை விட்டுப் போவது. அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, தண்ணீருக்கு மேலால் கத்திப் படிப்பித்தார். ரயில் வரும்போது நிறுத்தினார், போனதும் தொடர்ந்தார். தொண்டை கட்டிப்போன ஒரு மாலை செலினா நீரோரம் வந்து ஆங்கிலத்தில் சொன்னார்: “நான் ஒரு கல்லூரியையே கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் ஒரு தெருவைக் கடக்கமாட்டீர்களா?”

அவர் வீட்டுக்குப் போய் தாட்சாயினிக்கு போன் எடுத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று சொன்னார்.

“பத்து வருசமா அங்கதான் நிக்கிறீங்கள்,” என்றாள் தாட்சாயினி. “எங்களிட்ட வரேல்லை. நாங்களும் வரேல்லை. உங்களை வாங்கோ எண்டு கூப்பிடுற ஒரே இடம் அதுதான். போங்கோ.”

“பிள்ளைக்கு என்ன சொல்லுவாய்?”

“அப்பா படிப்பிக்கப் போயிட்டார் எண்டு.”

மறுநாள் வேலை முடிந்த கையோடு அவர் காற்சட்டையை மடித்துவிட்டுக் கோட்டைத் தாண்டினார். இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்தைக் கழற்றவில்லை. கழற்றக் குனிந்தால் மனம் மாறிவிடும் என்று பயந்தார். அதிகாரி அவர் நாட்டை விட்டுப் போனதைக் கணினியில் பதிந்தார். வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது வெண்கட்டி இரண்டு தரம் உடைந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்து நீரில் இறங்கித் திரும்பி வந்தார்.

“எப்படி வந்தீர்கள்?” என்று அதிகாரி கேட்டார்.

“நடந்து.”

கணினியில் விமானம் இருந்தது, கப்பல் இருந்தது. நடந்து என்று ஒன்று இல்லை. அதிகாரி கன்பராவைக் கேட்டார். கன்பரா யோசிப்பதாகச் சொன்னது. அது யோசித்து முடிக்கும்வரை அருந்தவன் மஞ்சள் கோட்டின் மேல் கதிரை போட்டு இருந்தார். கனகேஸ்வரி அன்ரி புட்டும் சம்பலும் கொண்டுவந்து, “சொன்னாக் கேக்கிற ஆளில்லை,” என்று அதிகாரியிடம் முறையிட்டு, அவருக்கும் ஒரு கோப்பை வைத்தார். பக்கத்து ஊரான நார்த்மீட்டில் இருந்த வதனி என்ற இளம் வழக்கறிஞர் விசயம் கேள்விப்பட்டு வந்தாள்.

“அங்கிள், டெக்னிக்கலி நீங்கள் இப்ப போட்டில வந்த ஆள் இல்லை. நடந்து வந்த ஆள்.”

“நடுவில கடல் இருக்கே, பிள்ளை.”

“முழங்கால் அளவு. அது நடைதான்.”

அவர் பகலில் கோட்டின் மேல், மாலையில் வகுப்பில் என்று இருக்க, வழக்கு இரண்டு ஆண்டுகள் நடந்தது. அருந்தவனின் சப்பாத்து ஒரு மிதக்கும் கலம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. சப்பாத்தை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டார்கள். அது நேரே அடியில் போய்க் குந்தியது. நாடு கடத்தலாமா என்றும் பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு மாலையும் தானாகவே நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்ததால் அதையும் செய்ய வழியில்லை. கடைசியில் நிரந்தர விசா வந்தது. இதற்கிடையில் மெல்பேர்ன் நிபுணர்கள், தலோவாவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இல்லாதது பெரும் குறை என்று கண்டு, அங்கே ஒன்று கட்டித் திறந்துவைத்தார்கள். அங்கே படிக்க ஆட்கள் இல்லை. பட்டறைகள் நடக்கின்றன.

தாட்சாயினியும் பார்கவியும் ஜூலையில் சிட்னி விமான நிலையத்தில் வந்திறங்கினார்கள். பார்கவி தகப்பனைவிட ஒரு பிடி உயரம். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் அவர் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். “போனில நீங்கள் பெரிசாத் தெரிஞ்சனீங்கள், அப்பா,” என்றாள் அவள். தாட்சாயினி அவருடைய கொலரை இழுத்து நேராக்கினாள். நேரான பிறகும் கையை எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே பார்கவி கல்லூரியில் சேர்ந்தாள். குளிர்கால மாலை, நடைமேடையில் நின்றவர்களின் வாயிலிருந்து புகை வந்தது. அதிகாரி எழுந்து வழிவிட்டார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீரில் இறங்கினாள்.

“குளிருதோ?” என்று கேட்டார் அருந்தவன்.

“இல்லை அப்பா. இளஞ்சூடு.”

“ஓம். அந்தப் பக்கத்துக் கடல் அப்பிடித்தான்.”

உள்ளே மணி அடித்தது. இருவரும் நடந்தார்கள்.