நீல அறைச் சோதனை

காலையில் தேநீர் ஆற்றிக்கொண்டே வேதியியல் ஆசிரியர் மனைவியைச் சீண்டினார். "மனச எந்தத் தராசுல நிறுப்பே? உளவியலெல்லாம் ஒரு அறிவியலா?"

"நீல அறையில படிச்சா ஞாபகம் கூடும்னு சோதனை செஞ்சு காட்டிப் பேர் வாங்கினேனே, அதத் திரும்பச் செஞ்சு பார்த்தேன், பொய்த்துப்போச்சு. நாளைக்கு ஊரறியச் சொல்லப் போறேன். தப்புன்னு சோதிச்சுக் காட்ட முடிஞ்சா அது அறிவியல்தானே, வாத்தியாரே?" என்று சிரித்தாள் அந்த உளவியல் பேராசிரியை.

அன்று மாலையே மாரடைப்பு அவளைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்க வந்த அவளுடைய துறைத்தலைவர் தயங்கினார். "அவங்க பேர் கெட வேணாமே. சோதனை பொய்த்துப்போச்சுன்னு அவங்க எழுதி வச்ச அறிவிப்ப வெளியிடாம விட்டுடலாமா?"

ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போடுங்க சார். தன் தப்பத் தானே தேடிப் பிடிச்சவ. இந்த வீட்டுல விஞ்ஞானி அவதான், நான் வெறும் வாத்தியார்."

அறிவிப்பு வெளிவந்தது. பிறகு வேறு பலரும் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். நீல அறையில் யாருக்கும் ஞாபகம் கூடவில்லை.