வலைக்குத் தப்பிய மீன்கள்

சூடேற்றிய தொட்டியில், முட்டையிடாமல் குட்டி போடும் வகை மீன்கள் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்து, இளம் வயதிலேயே குட்டி போட்டன. வெப்பம்தான் காரணம் என்று ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டேன். ஒப்பிடுவதற்காகச் சூடேற்றாமல் வைத்திருந்த தொட்டியைக் கடைசியாக அளந்தால், அங்கேயும் அதே கதை.

ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா என் அளவுக் குறிப்பை எட்டிப் பார்த்தாள்.

"தொட்டி நெரிசலானா என்னடி பண்ணுவ?"

"ரெண்டு தொட்டியிலயும் பெருசுங்களை வலையில பிடிச்சு எடுத்துடுவேன்."

"அப்போ நல்லா வளர்ந்துட்டுப் பெத்துக்கலாம்னு காத்திருந்ததுக்கெல்லாம் வாரிசே இல்ல. அவசரமா பெத்துப்போட்டதுதான் மிஞ்சிச்சு. சூடு இல்லடி, உன் வலை."

கால் வலித்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கைடு சார்கிட்ட சொல்லணுமாக்கா?"

"சொல்லாம பட்டம் வாங்கினா உனக்குத் தூக்கம் வருமா?"

வரும் என்றுதான் தோன்றியது. அவ்வளவு களைப்பு. ஆனாலும் எழுந்துபோய் சாரின் அறைக் கதவைத் தட்டினேன்.