படமில்லாத நாற்பதாம் நாள்

கிரூம் அண்ணன் இறந்த நாற்பதாம் நாளுக்காக, படத்தோடு ஊரில் ஒட்டும் நினைவுத் தாளை அடிக்க வேண்டிய காலையில் என் அச்சுக் கடைக் கணினி என்னை உள்ளே விடவில்லை. இப்படி ஒரு கணக்கே இல்லை என்றது.

என் மனைவி தோன்கா பின்னால் வந்து நின்றாள்.

"என்னய்யா?"

"கணக்கு போயிடுச்சு."

"ரெண்டு சிகரெட் பாக்கெட் விலைக்கு வாங்கினியே, அதா? ஆயுசு முழுக்க ஓடும்னியே, யாரு ஆயுசுய்யா அது?"

படத்தையும் எழுத்தையும் அடுக்கும் மென்பொருள். முறையாக வாங்கினால் மாதாமாதம் கட்ட வேண்டும். இணையத்தில் ஒருவன் தானே கணக்குத் திறந்து, கடவுச்சொல்லோடு விற்றான். அதையே எத்தனை பேருக்கு விற்றானோ. என் கணினியில் இடம் போதாது. மூன்று வருடத் தாள்களையும் அந்தக் கணக்கோடு வந்த சேமிப்பில்தான் போட்டிருந்தேன்.

விற்றவனைத் தேடினேன், ஆளே இல்லை. நிறுவனத்தைக் கூப்பிட்டேன். கணக்கு உங்கள் பெயரில் இல்லை, மூடியது மூடியதுதான் என்றார்கள். வேறு வழியில்லாமல் முறைப்படி வாங்கினேன். மென்பொருள் திறந்தது. உள்ளே எந்தத் தாளும் இல்லை.

கடை வைப்பதற்கு முன், பெர்னிக் நிலக்கரிச் சுரங்கத்தில் பதினேழு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று வெட்டியவர் கிரூம் அண்ணன். படமெடுக்க நிற்கவே மாட்டார். இருந்தது வேலை அட்டைப் படம் ஒன்றுதான். இறந்த அன்று தாளுக்காக நான் அதை நகலெடுத்து அந்தச் சேமிப்பில் போட்டதும், அவர் மனைவி ஸ்லாவ்கா அக்கா அட்டையை அவர் கோட்டுப் பையிலேயே வைத்துப் புதைத்துவிட்டார்.

மதியம் அக்கா வந்தார். கையில் கோதுமையும் சர்க்கரையும் வாங்கிய பை. மறுநாள்தான் நாற்பதாம் நாள்; கோதுமையை வேகவைத்துக் கல்லறைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

"தாள் ஆச்சா தம்பி?"

கணினி எரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"அண்ணன் படம் போயிடுச்சுக்கா. திருட்டுக் கணக்கு வாங்கியிருந்தேன். மூடிட்டாங்க."

"திருட்டுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அக்கா பையைத் தரையில் வைத்தார். "அவர் செத்தன்னைக்கு அடிச்ச தாளைச் சுரங்கத்துக் கதவுல ஒட்டினோமே," என்றார்.

மற்ற இடங்களில் ஒட்டியவை மழையில் போயிருந்தன; கதவருகே கொட்டகை இருப்பதால் அங்கே மழை படாது. இருவரும் போனோம். அண்ணனின் தாள் மேலேயே, இறந்துபோன வேறொரு அம்மாவின் முகம். போன வாரம்தான் ஒட்டியிருக்கிறார்கள். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. மூலையில் கத்தியைக் கொடுத்துக் கிளப்பினேன். இரண்டு தாளும் சேர்ந்தே கிழிந்து வந்தன.

"விடு," என்றார் அக்கா. "அவளுக்கும் ஆளுங்க இருக்காங்க."

கிழிந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டினேன். சரியாக ஒட்டவில்லை.

கடைக்குத் திரும்பியதும் பெயரை அடித்தேன். படத்துக்கான கட்டத்தை எடுத்துவிட்டுச் சிலுவை வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். கட்டம் இருக்கட்டும், வெறுமனே. படம் எங்கேன்னு கேக்கிறவங்களை உன்கிட்ட அனுப்புறேன். நீயே சொல்லு."

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் முதல் தாளை ஒட்டினேன். பெஞ்சில் இருந்த பழைய சுரங்கத்து ஆள் எழுந்து வந்து வாசித்தார்.

"என்ன மெத்தோடி, கிரூமுக்கு மூஞ்சி இல்லையா?"

பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு முதலிலிருந்து சொன்னேன்.