பாதிவிளை வீடு

புதுக்கடைச் சந்தியில் ஏத்த வாழைக்காய் சிப்ஸ் கடை நடத்தும் ராகேலை ஏசுவதற்கென்றே நாகர்கோவிலிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். வங்கி அனுப்பிய வசூல்காரர்கள். வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி ஏசினார்கள். ஏசிக் களைத்ததும் ஆளுக்கொரு பொட்டலம் சிப்ஸ் தின்றுவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் கடன் கணக்கை எடுத்துப் பார்த்தால், 'நேரில் வந்ததற்கான கட்டணம்' என்று ஒரு தொகை ஏறியிருந்தது.

"என்னை ஏசினதுக்கு நானே கூலி குடுக்கணுமா?" என்று ராகேல் கொதித்தாள்.

அவள் கணவர் ராஜையன் நிதானமான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிப்ஸுக்குக் காசு தந்தாவளா?" என்று கேட்டார்.

"தரல்ல."

"அப்பம் அதுவும் நம்ம கணக்குதான்."

கடன் வாங்கியது உண்மை. சிப்ஸ் பொரிக்கும் பெரிய உருளியும் காய் சீவும் இயந்திரமும் வாங்க, வீட்டை அடமானம் வைத்துத்தான் வாங்கினார்கள். ஒழுங்காகக் கட்டியும் வந்தார்கள். பிறகு கடைக்கு முன்னால் சாக்கடை ஓடை கட்டுகிறோம் என்று பஞ்சாயத்தார் குழி தோண்டிப் போட்டார்கள். குழி எவ்வளவு ஆழம் என்றால், சிப்ஸ் வாங்க வந்த ஒருவர் உள்ளே விழுந்து, மேலே ஏறுவதற்குள் வாங்கின அரைக்கிலோவையும் தின்று தீர்த்து, உள்ளேயிருந்தே இன்னொரு அரைக்கிலோ கேட்டார். அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் அதிகம் அமையவில்லை. சில மாதம் தவணை நின்றது. குழியை மூடியதும் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். ஆனால் கட்டிய பணமெல்லாம் வட்டிக்கு மேல் வட்டியாகவும் பைக் கட்டணமாகவும் கரைந்துபோக, கடன் மட்டும் கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் இருந்தது.

தொலைபேசி அழைப்போ விடியுமுன்பே தொடங்கிவிடும். பலாமரத்து மைனா ஒன்று அதைக் கேட்டுக் கேட்டு, "தவணை கட்டியாச்சா, தவணை கட்டியாச்சா" என்று கூவப் பழகிவிட்டது. வங்கிக்காரர்களாவது ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஓய்வார்கள். மைனாவுக்கு விடுமுறை கிடையாது.

இத்தனையையும் ராகேல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பொறுக்க முடியாதது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தால் முற்றம் நிறைய ஆட்கள். ஒருவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். ஒருவர் கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்க்கிறார். திருவட்டாற்றில் மரக்கடை வைத்திருக்கும் வைகுண்டராஜன் என்பவர், கட்டிய வேட்டியை மடித்துக்கொண்டு முன்கதவை முகர்ந்தே பார்த்துவிட்டார்.

"கதவு ஆஞ்சிலி மரமா அக்கா?" என்றார். "கொள்ளாம். உள்ள கெடக்குத கட்டிலும் சேத்துதானா?"

"நீரு ஆருவேய்?"

"கோவப்படாதீங்க. பேப்பர்ல போட்டிருக்கே, பாதி விலைன்னு."

அவர் நீட்டிய செய்தித்தாளில் வங்கியின் ஏல அறிவிப்பு இருந்தது. ராஜையன் பெயர், ராகேல் பெயர், இருவரும் கடன் கட்டாதவர்கள் என்ற பட்டம். அதன் கீழே சொத்து விவரம்: 'புதுக்கடை அருகே, பாதி விலை, கான்கிரீட் வீடும் நிலமும்.'

அந்த இடத்துக்குப் பெயர் பாதிவிளை. ராஜையனின் தாத்தாவும் அவர் தம்பியும் ஒரு தென்னை மரத்துக்குச் சண்டை போட்டு, இருந்த ஒரே விளையை நடுவில் வேலி கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். தேங்காய் விழும் நிலத்தை இந்தப் பக்கத்தில் விளை என்றுதான் சொல்வார்கள். எங்கோ தொலைதூரத்துத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த யாரோ, விளையை விலையாக்கிவிட்டார்கள்.

"இது விலை இல்ல, விளை! வெளிய போங்க எல்லாரும்!" என்று ராகேல் போட்ட சத்தத்தில், தவணை கேட்டுக்கொண்டிருந்த மைனாவும் வாயை மூடியது.

மறுநாளே இருவரும் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, வங்கிகளுக்கு எதிராக வழக்கு நடத்தும் பெமிலா வக்கீலைப் பார்த்தார்கள். பெமிலா அறிவிப்பை ஒரு தடவை படித்தாள். பிறகு ஏலத்தின் ஆரம்பத் தொகையைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அக்கா, வீட்டுக்கு மதிப்புப் போட ஆள் வந்ததா?"

"ஜெயசிங் இஞ்சினியர் வந்தாரு. நாப்பது லட்சம் வரும்னு சொன்னாரு."

"இதுல இருவதுதான் இருக்கு. ஜெயசிங் எழுதிக் குடுத்த நாப்பதையும், பக்கத்துல கெடந்த எடத்துப் பேரையும் பாத்திருக்கானுவ. பாதி விலைக்கு விக்கச் சொல்லுகாரு போலன்னு நெனச்சு, பாதியாக்கிட்டானுவ."

ராஜையன் வாயைப் பிளந்தார். "அப்பம் எங்க தாத்தா விளைய மூணாப் பிரிச்சிருந்தா?"

"மூணுல ஒரு பங்குக்குப் போயிருக்கும்" என்றாள் பெமிலா. "இடத்தையும் விலையையும் தப்பாப் போட்ட ஏலம் நிக்காது. விடியக்காலம் போன் பண்ணதும் தப்பு. பைக் கூலிக்கும் கணக்குக் கேப்போம். ஆனா அக்கா, வாங்குன கடன கட்டணும். அத வேண்டாம்னு நான் வாதாட மாட்டேன்."

"கட்டமாட்டேன்னு நான் எப்பம் சொன்னேன்? கட்டினத எங்க கொண்டு போட்டாவன்னுதானே கேக்குகேன்."

மதுரையில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் விசாரணை வந்தது. வங்கி வக்கீல் எழுந்து, அது ஒரு சின்ன எழுத்துப் பிழை, அதற்காக ஏலத்தை நிறுத்தத் தேவையில்லை என்றார். பெமிலா, ஒரு எழுத்துக்கு இருபது லட்சம் என்றால் முழு அரிச்சுவடிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். தீர்ப்பாய அதிகாரி அறிவிப்பை வாங்கிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் வங்கி வக்கீலும் சிரித்தார். குமாஸ்தா சிரித்தார். தங்கள் வழக்குக்குக் காத்திருந்த கடன்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

ராகேல் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து எழுந்தாள். ராஜையன் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவள் உருவிக்கொண்டாள்.

"சாரே, சிரிக்காதீங்க. ஊர்ல உள்ளவன் எல்லாம் எங்க கதவ மோந்து பாத்தான். என் கட்டிலுக்கு வெல கேட்டான். நான் ஒரு மாசம் பிந்தினா வட்டி, அதுக்கு மேல வட்டி, ஏச வாறவனுக்குக் கூலி. இவங்க என் வீட்டையே பாதியாக்கினா அது சின்னப் பிழையா? நான் செஞ்ச பிழைக்கு மட்டும் எதுக்கு சார் இவ்வளவு வெல?"

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு இல்லாத குரலில் உத்தரவு சொன்னார். ஏலம் ரத்து. வசூல்காரர்கள் வந்துபோன கட்டணம் முழுவதையும் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். கட்டிய பணத்தைக் கழித்துப் புதுக் கணக்குத் தர வேண்டும். மிச்சத்தைத் தவணையாகக் கட்ட அவகாசம் உண்டு.

வீடு நின்றது. ராகேலின் கோபமும் நின்றதா என்றால், இல்லை. ஊர் திரும்பியதும் பெயின்டரை வரவழைத்து, ரோட்டைப் பார்த்த சுவரில் வீட்டுப் பெயரை எழுதச் சொன்னாள். மற்ற எழுத்துகள் சாதாரண அளவு. 'ளை' மட்டும் உருளி அளவு. எழுதி முடிக்க இரண்டு டப்பா பெயின்ட் போதவில்லை. இப்போது அந்த வழி போகும் பஸ்ஸில் கண்டக்டர், "பெரிய ளை எல்லாம் எறங்கு" என்றுதான் சொல்கிறார்.

புதுக் கணக்கைக் கொடுக்க வங்கியிலிருந்து ஒரு அதிகாரி காரில் வந்தார். வேற்றூர்க்காரர், மரியாதையானவர். வாசலில் செருப்பைக் கழற்றினார். ராகேல் படியிலேயே நிறுத்தினாள்.

"வீட்டுப் பேர ஒருக்கா வாசிங்க சாரே."

அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "பாதி... விலை."

"நாக்க மடக்கிச் சொல்லணும்."

"பாதிவிலை."

ராகேல் ஒரு நாற்காலியை எடுத்து முற்றத்தில், அந்த எழுத்துக்கு நேரே போட்டாள்.

"இருந்து படியுங்க. சரியா வந்ததும் கூப்பிடுங்க" என்றாள். "நேரில் வந்த கட்டணம் உண்டும்னா, அது இந்தத் தடவ உங்க கணக்குதான்."

உள்ளே போய் உருளியை அடுப்பில் ஏற்றினாள். வெளியே அதிகாரி வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். பலாமரத்து மைனா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டது. மத்தியானத்துக்குள் அதற்கு 'ளை' சரியாக வந்துவிட்டது.